ஊசி நின்றால் நல்ல பெட்டி

காதுக்காரருக்குப் பாட்டுக் கேட்டால் ஒன்றுமே ஆகாது. வெறுப்பு என்று நினைத்துவிடாதீர்கள். வெறுப்பு இருந்தாலாவது பரவாயில்லை, அதுவும் ஓர் உணர்ச்சிதானே! அவருக்கு அதுவும் கிடையாது. ஊரே உருகுகிற பாட்டைப் போட்டாலும் மனுஷன் இடித்த புளி மாதிரி உட்கார்ந்திருப்பார். பாடுகிறவள் மூச்சு வாங்கும் இடம் அவருக்குக் கேட்கும். தாளம் போடுகிறவர் நாற்காலியை நகர்த்தினது கேட்கும். பெட்டிக்குள் ஒரு திருகு அரைச் சுற்று தளர்ந்திருந்தால் அதுவும் கேட்டுவிடும். நெஞ்சுக்குள் மட்டும் எதுவும் அசையாது. அவருடைய அப்பா இறந்த அன்று யாரோ சோகப் பாட்டு போட்டார்கள். வந்தவர்கள் எல்லாம் தேம்பித் தேம்பி அழ, இவர் மட்டும் இடதுபக்கக் குழாய் ஸ்பீக்கரில் இரைச்சல் அதிகம் என்று யோசித்துக்கொண்டு நின்றார். அப்பா மேல் பாசம் இல்லாமல் இல்லை. பாட்டு வழியாக அவருக்கு எதுவும் வந்து சேராது, அவ்வளவுதான்.

இந்த ஆளைத்தான், எந்த ஸ்பீக்கர் மனசைத் தொடுகிறது, எது தொடவில்லை என்று தீர்ப்புச் சொல்கிறவர் என்று எல்லாரும் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார்கள். என்னத்தைச் சொல்ல!

ஒரு மாதப் பத்திரிகையில் அவருக்கென்று இரண்டு பக்கம் ஒதுக்கியிருந்தார்கள். மற்ற விமர்சகர்கள் வாட்ஸ், ஓம்ஸ் என்று எண்களாக எழுதித் தள்ளுவார்கள். இவர் ஒரு வரியில் முடித்துவிடுவார். "எண்களை விடுங்கள். பாட்டு ஓடும்போது, கையில் இருந்த வேலையை உங்களை அறியாமல் நிறுத்தினீர்களா? நிறுத்தினீர்கள் என்றால் அது நல்ல பெட்டி." வாசகர்கள் சொக்கிப்போனார்கள். கடைக்காரர்கள் அவர் எழுதினதை வெட்டிக் கண்ணாடியில் ஒட்டி வைத்தார்கள். காதுக்காரர் என்ற பட்டப்பெயர் வந்ததும் அப்படித்தான். பத்திரிகை ஆசிரியர் அவரைப் பார்க்கிற போதெல்லாம், "மத்தவன் எல்லாம் மிஷினை எழுதுறான் சார், நீங்கதான் மனசை எழுதுறீங்க" என்பார். காதுக்காரர் அடக்கமாகச் சிரித்துக்கொள்வார்.

மனசு இருந்தது வாஸ்தவம். ஆனால் அது அவருடையது இல்லை, அவர் மனைவியுடையது.

கதை கல்யாணமான புதிதில் ஆரம்பித்தது. அப்போது அவர் ஒரு ரிப்பேர் கடையில் வேலை பார்த்தார். சரிசெய்த பழைய ஆம்ப்ளிஃபயர் ஒன்றை வீட்டுக்கு எடுத்து வந்து, முன்னறையில் வைத்து ஒரு பாட்டைப் போட்டார். ஒற்றைப் பெண் குரல், பின்னால் ஒரு குழல், வேறு வாத்தியம் கிடையாது. அவர் மனைவி தையல்காரி. நடு அறையில் உட்கார்ந்து யாருடைய சட்டைக்கோ பட்டன் வைத்துக்கொண்டிருந்தாள். பாட்டு பாதி தாண்டியபோது இவர் தற்செயலாகத் திரும்பிப் பார்த்தார். நூலை இழுத்த கை அப்படியே காற்றில் நின்றிருந்தது. கண் சுவரைப் பார்த்தபடி ததும்பிக் கிடந்தது. பாட்டு முடிந்ததும் அவள் ஏதோ தூக்கத்திலிருந்து எழுந்தவள் போலத் திடுக்கிட்டுப் பட்டனைத் தேடினாள்.

மறுநாள் வேறொரு ஆம்ப்ளிஃபயரில் அதே பாட்டு. அளந்து பார்த்தால் முந்தினதைவிட ஒசத்தியான சாமான். ஊசி நிற்கவே இல்லை. அவள் பாட்டுக்குத் தைத்துக்கொண்டிருந்தாள். இவர் பழையதை மறுபடி மாட்டினார். கை நின்றது.

அட, என்று நிமிர்ந்து உட்கார்ந்தார் காதுக்காரர். எந்தக் கம்பெனியிலும் கிடைக்காத ஒரு கருவி தன் வீட்டு நடு அறையில் உட்கார்ந்திருக்கிறது என்று கண்டுகொண்டார்.

மெக்கானிக் புத்தி எங்கே போகும்? ஒரு புருஷன் அந்த இடத்தில் என்ன கேட்பான்? "என்னம்மா ஆச்சு, எதை நெனச்சு கண்ணு கலங்குச்சு?" என்று கேட்பான். இவர் கேட்கவில்லை. அன்றைக்கும் கேட்கவில்லை, பிறகு வந்த இத்தனை வருஷங்களிலும் கேட்கவில்லை. கேட்டால் அவள் உஷாராகிவிடுவாள், அப்புறம் கை தானாக நிற்காது என்ற பயம் அவருக்கு. கருவி கெட்டுப்போய்விடக் கூடாது பாருங்கள்!

பரிசோதனை நடக்கிற நேரங்களில் தையல் மெஷின் ஓடக் கூடாது என்று வழக்கம் வைத்தார். அவளும் பட்டன், மடிப்பு, கைத்தையல் எல்லாவற்றையும் அந்த நேரத்துக்கென்று சேர்த்து வைப்பாள். நாளாக ஆகக் காதுக்காரருக்குக் கை தேர்ந்துவிட்டது. ஊசி நின்றால் மிக நல்ல பெட்டி. வேகம் குறைந்தால் சுமார். எழுந்து போய்த் துணி மடிக்க ஆரம்பித்தால், அந்தப் பெட்டி கடைக்காரனுக்கே திரும்பிப் போகும். அவளுடைய கை சரியாகத் தெரிய வேண்டும் என்று அவள் நாற்காலியை நடு அறை வாசல் பக்கம் இழுத்துப் போட்டார். விளக்கை அவள் பக்கமாகத் திருப்பி வைத்தார். அவளோ அடுத்த வீட்டு அம்மாவிடம், "என் கண்ணு கெட்டுப்போயிடும்னு அவரா விளக்கைத் திருப்பி வெச்சார்" என்று பெருமையடித்துக்கொண்டிருந்தாள்.

இப்படியே போயிருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. அவள் தம்பி வந்து சேர்ந்தான்.

தம்பி என்றால் வெறும் தம்பி இல்லை. அம்மா படுத்த படுக்கையாகக் கிடந்த காலத்தில் இவள் இடுப்பில் தூக்கி வளர்த்த பிள்ளை. தச்சு வேலையில் கெட்டிக்காரன், மரச்சாமான் பட்டறை ஒன்றில் நல்ல சம்பளத்தில் இருந்தான். மாமா வீட்டுக்கு வந்து வந்து பெட்டிகளைப் பார்த்ததில் அவனுக்கும் அந்தக் கிறுக்குப் பிடித்துக்கொண்டது. தானே ஸ்பீக்கர் செய்ய ஆரம்பித்தான். மரத்தை மாற்றினான், கனத்தை மாற்றினான், உள்ளே வைக்கிற பஞ்சை மாற்றினான். செய்வான், பிடிக்காது, பிரிப்பான். வருஷக்கணக்காக அதே வேலை. கடைசியில் ஒரு ஜோடி, அவனே "இதுதான்" என்று சொல்லும்படி வந்தது.

ஒரு பெரிய கடைக்காரர் கேட்டுப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு தம்பி. உங்க மாமா ஒரு வார்த்தை நல்லா எழுதட்டும், நான் எடுத்து விக்கிறேன்" என்றார். அந்தப் பேச்சை நம்பிப் பயல் பட்டறை வேலையை விட்டுவிட்டான். ஒரு கொட்டகையை வாடகைக்குப் பிடித்தான். இனி எல்லாம் மாமா கையில்.

பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு வந்த அன்று அவன் முகத்தில் ஈயாடவில்லை. ஆனாலும் ரோஷக்காரன். முன்னறையில் இறக்கி வைத்துவிட்டு நேராகச் சொன்னான்.

"மாமா, ஒண்ணே ஒண்ணு. மச்சினன்னு பார்க்காதீங்க. பிடிக்கலேன்னா பிடிக்கலேன்னே எழுதிடுங்க."

"அட போடா மாப்ள, நான் எப்ப ஆள் பார்த்து எழுதியிருக்கேன்?"

"அதுக்குத்தான் உங்ககிட்ட கொண்டாந்தேன்." கூடவே நின்று கேட்க அவனுக்குத் தைரியம் இல்லை. "நான் வெளிய நிக்கிறேன் மாமா" என்று சொல்லித் தெருவுக்குப் போய்விட்டான். அவன் அக்கா கூடையிலிருந்து ஒரு கோட்டை எடுத்துக்கொண்டு தன் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

காதுக்காரர் பாட்டைப் போட்டார். அதே ஒற்றைக் குரல், அதே குழல். அவர் காது குறை தேடிப் பார்த்தது. ஒரு கரகரப்பு இல்லை, ஒரு அதிர்வு இல்லை. சுத்தமோ சுத்தம். கெட்டிக்காரப் பயல் என்று மனசுக்குள் மெச்சிக்கொண்டு, வழக்கம்போல் நடு அறைப் பக்கம் பார்வையைத் திருப்பினார்.

ஊசி ஓடிக்கொண்டிருந்தது. நிற்கவில்லை, வேகம் குறையவில்லை, தலையும் நிமிரவில்லை. குத்தினாள், இழுத்தாள், குத்தினாள், இழுத்தாள். இவர் வேறு பாட்டைப் போட்டார். சத்தத்தைக் கொஞ்சம் கூட்டிப் பார்த்தார், குறைத்துப் பார்த்தார். ஊஹும். சில சுமாரான பெட்டிகளுக்குக்கூட ஒரு தரம் தலை தூக்குகிறவள், இன்றைக்குக் கல்லுளிமங்கி மாதிரி தைத்துக்கொண்டே இருந்தாள்.

காதுக்காரர் ஒரு கணக்குப் போட்டார். தூக்கி வளர்த்த தம்பி செய்த பெட்டி. அந்தப் பாசத்துக்காகவாவது கொஞ்சம் அசைந்திருக்க வேண்டும். அதற்கே அசையவில்லை என்றால் இதில் எள்ளளவும் உயிர் இல்லை என்றுதானே அர்த்தம்? அவருக்கு அது அசைக்க முடியாத கணக்காகத் தெரிந்தது.

அந்த மாதம் அவர் எழுதினார்: "மிகச் சுத்தமான சத்தம். குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் உயிர் இல்லை. கேட்டுக்கொண்டே எந்த வேலையையும் நிறுத்தாமல் செய்து முடித்துவிடலாம்."

கடைசி வரியை எழுதிவிட்டு, நன்றாக வந்திருக்கிறது என்று திரும்பப் படித்துப் பார்த்தார். ஆசிரியர் போன் போட்டு, "சொந்த மச்சினன்னு தெரிஞ்சும் இப்படி எழுதியிருக்கீங்களே சார், உங்க நேர்மைக்கு ஈடே இல்ல" என்று புகழ்ந்தார். அந்தப் புகழ்ச்சியில் மனுஷனுக்கு மனசு கொஞ்சம் குளிரக்கூடச் செய்தது. அதை இன்றைக்கு நினைத்தாலும் அவருக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கும்.

பெரிய கடைக்காரர் நைசாகக் கழன்றுகொண்டார். மச்சினன் சண்டைக்கு வரவில்லை. பெட்டிகளை எடுத்துப்போக வந்தவன், "சரி மாமா" என்றான். அக்கா கொடுத்த காப்பியைப் பாதி குடித்தான், பாதியை வைத்துவிட்டுப் போனான். அதோடு வரத்து நின்றுபோயிற்று. அக்கா போன் போட்டால் "வேலை இருக்குக்கா" என்று முடித்துவிடுவான். கொட்டகையைக் காலி செய்துவிட்டான் என்று யாரோ சொல்லித்தான் தெரிந்தது. ஏதோ ஒரு மண்டபத்தில் மைக் செட் பார்த்துக்கொள்கிற வேலையாம். "ஹலோ, ஹலோ" என்று காலையில் ஒரு தரம் சொல்லிப் பார்த்துவிட்டு, நாள் முழுக்க மேடைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்க வேண்டும்.

இவ்வளவு நடந்ததற்கும் அவள் புருஷனிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"உங்க மனசுக்குப் பட்டதைத்தானே எழுதினீங்க?"

"ஆமா" என்றார் காதுக்காரர்.

"அப்ப சரி" என்று சொல்லிவிட்டு அவள் மெஷினில் போய் உட்கார்ந்துகொண்டாள். அந்த ஒற்றை "ஆமா"வைப் போல ஒரு பொய்யை அவர் வாழ்நாளில் சொன்னதில்லை. ஆனால் அப்போது அது அவருக்குப் பொய்யாகவே படவில்லை.

சில மாதங்கள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, வாசலில் ஒரே சிரிப்புச் சத்தம். அவளிடம் கோட்டு தைக்கக் கொடுத்திருந்த ஒரு பெரியவர், கோட்டைக் கையில் தூக்கிப் பிடித்தபடி நின்றிருந்தார்.

"ஏம்மா, என் மேல உனக்கு என்ன கோவம்? பொண்ணு கல்யாணத்துக்குன்னு பத்திரமா வெச்சிருந்து நேத்துதான் போட்டேன். போட்டோ எடுக்கிறவன் பைக்குள்ள கையை விட்டுக்கிட்டு நில்லுங்கன்றான். விடுறேன், கை போகல! இந்தப் பக்கமும் போகல, அந்தப் பக்கமும் போகல! சம்பந்தி வீட்டாள் முன்னாடி வயித்தைத் தடவிக்கிட்டு நின்னேன் போ!"

வாங்கிப் பார்த்தாள். இரண்டு பையின் வாயையும் யாரோ நெருக்கமாகக் கைத்தையல் போட்டு அடைத்திருந்தார்கள். ஒன்றன் மேல் ஒன்றாக மூன்று வரிசை. யாரோ என்ன, அவளேதான்.

பெரியவரை உட்கார வைத்துத் தையலைப் பிரித்துக் கொடுத்து அனுப்பினாள். காதுக்காரருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "என்ன கூத்து இது? நீ ஒரு பட்டனைக்கூட மாத்தி வெச்சது கிடையாதே! இதை எப்படித் தெச்சே?"

அவள் சிரிக்கவில்லை. பிரித்துப் போட்ட நூலை விரலில் சுற்றிக்கொண்டே சொன்னாள். "அன்னிக்குத் தெச்சது. தம்பி பெட்டி ஓடுச்சே, அன்னிக்கு."

"அன்னிக்கு நீ அசையாம தெச்சுக்கிட்டிருந்தியே!"

"அசையாமத்தான். எங்க தைக்கிறேன்னு யார் பார்த்தா? அப்படி ஒரு பாட்டை நான் கேட்டதே இல்லைங்க. அந்தப் பொம்பளை என் பக்கத்துல உட்கார்ந்து என்கிட்ட மட்டும் பாடுற மாதிரி இருந்துச்சு. கண்ணு மறைக்குது, துணியே தெரியல. ஆனாலும் நிறுத்தக் கூடாதுன்னு பல்லைக் கடிச்சுக்கிட்டு குத்திக்கிட்டே இருந்தேன்."

"ஏன்? ஏன் நிறுத்தக் கூடாது?"

"அவன் பெட்டியை இறக்கி வெச்சதும் என்ன சொன்னான்? மச்சினன்னு பார்க்காதீங்கன்னு சொன்னான்ல? நீங்க எப்பவும் என்னை ஒரு பார்வை பார்ப்பீங்க. நான் அழறதைப் பார்த்தா, ஐயோ பாவம், இவளுக்காகன்னு நாலு வார்த்தை நல்லா எழுதிடுவீங்க. அது அவனுக்கு அவமானம். நீங்க உங்க காதால கேட்டு, உங்க மனசால நல்லா இருக்குன்னு சொல்லணும்னு நெனச்சேன். நியாயமா நடக்கட்டும்னு நெனச்சேன்." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "உங்களுக்குப் பிடிக்கல. அதுக்கு நான் என்ன பண்ண முடியும்? ஒவ்வொருத்தர் மனசு ஒவ்வொரு மாதிரி."

காதுக்காரர் ஆடிப்போய்விட்டார். வாயை மூடிக்கொண்டிருந்தால் குட்டு அவரோடேயே போயிருக்கும். பூசி மெழுகத் தெரியாதவரும் இல்லை. ஆனால் மண்டபத்தில் உட்கார்ந்து "ஹலோ, ஹலோ" சொல்லிக்கொண்டிருக்கிற பயலின் முகம் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. மனசு கேட்கவில்லை.

"எனக்குப் பிடிக்கவும் இல்ல, பிடிக்காமலும் இல்ல" என்றார். "எனக்கு எந்தப் பெட்டியிலயும் ஒண்ணும் ஆனதில்ல. எந்தப் பாட்டுக்கும் ஆனதில்ல. நான் உன்னைத்தான் பார்ப்பேன். உன் கை நின்னா நல்லா இருக்குன்னு எழுதுவேன். நிக்கலேன்னா உயிர் இல்லேன்னு எழுதுவேன். இத்தனை நாளா அப்படித்தான்."

அவள் விரலில் சுற்றின நூலைக் கழற்றினாள். மறுபடி சுற்றினாள்.

"அதுக்கா பார்த்தீங்க?"

அவரால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"நல்ல பாட்டு வந்தா உங்களுக்கும் என்னமோ பண்ணுது, அதான் உடனே என்னைத் தேடுறீங்கன்னு நெனச்சேன். வாயைத் திறந்து ஒரு ஆசை வார்த்தை பேசத் தெரியாத மனுஷன், பார்வையாலயாவது சொல்றாரேன்னு நெனச்சேன். அந்தப் பார்வைக்காகவே நான் அந்த நாற்காலியில உட்கார்ந்திருக்கேன். என்னை நீங்க மீட்டர் முள்ளைப் பார்க்கிற மாதிரியா பார்த்தீங்க?"

"இந்தாம்மா, அப்படி இல்ல..."

"வேற எப்படி? சொல்லுங்க. நான் எதுக்கு அழறேன்னு ஒரு நாளாவது கேட்டீங்களா?"

"கேட்கல" என்றார். பிறகு தட்டுத் தடுமாறி, "இப்பக் கேட்கிறேன்" என்றார்.

"இப்பச் சொல்ல மாட்டேன்." எழுந்து புடவையை உதறிக்கொண்டாள். "என் கதை கிடக்கட்டும். என் தம்பி வாழ்க்கையில மண்ணை அள்ளிப் போட்டிருக்கோம், நீங்களும் நானுமா சேர்ந்து. முதல்ல அவன்கிட்டப் போகணும். கிளம்புங்க."

பஸ்ஸில் அவள் பெண்கள் பக்கம் உட்கார்ந்துகொண்டாள். இரண்டு பேர் உட்காரும் இருக்கை காலியாக இருந்தும் வரவில்லை.

மச்சினன் மண்டபத்துக்குப் பின்னால் ஒரு மாடி அறையில் குடியிருந்தான். கட்டில், ஒரு மேஜை, சுவரோரம் அந்த இரண்டு பெட்டிகள், அவற்றின் மேல் காயப்போட்ட துண்டு. அக்காவைப் பார்த்ததும் பயலுக்கு முகமெல்லாம் சிரிப்பு. மாமாவைப் பார்த்ததும் அவசர அவசரமாகத் துண்டை எடுத்தான்.

காதுக்காரர் உட்காரக்கூட இல்லை. நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். தனக்குப் பாட்டே ஏறாது என்பதை, ஊசியை, கோட்டை, எதையும் மறைக்கவில்லை. "நான் எழுதினது சுத்தப் பொய்டா மாப்ள. உன் பெட்டி பிரமாதம். உங்கக்கா மாதிரி ஆளே துணி தெரியாம அழுதிருக்கா. நான் மறுபடி எழுதுறேன், என் மானம் போனாலும் பரவாயில்ல, எல்லாத்தையும் எழுதுறேன். நீ மறுபடி ஆரம்பி."

பயல் பொறுமையாகக் கேட்டுக்கொண்டான். கடைசியில் சிரித்தான். கோபமான சிரிப்பாக இருந்திருந்தால் காதுக்காரர் பிழைத்திருப்பார். அது பெரியவர்கள் மனம் நோகக் கூடாது என்று சிரிக்கிற சிரிப்பு.

"அக்கா அழுது உங்களை இழுத்துக்கிட்டு வந்துட்டாளா? எனக்காக இவ்வளவு பெரிய கதையா மாமா? உங்களுக்குப் பாட்டு ஏறாதுன்னா எவன் நம்புவான்?"

"சத்தியமாடா! உங்கக்காவைக் கேளு."

"விடுங்க மாமா. நீங்க எழுதினது சரிதான்." அவன் பெட்டி மேல் கையை வைத்தான். "முதல்ல எனக்கும் கோவம்தான். சொந்தக்காரன் காலை வாரிட்டான்னு நெனச்சேன். அப்புறம் நீங்க எழுதினதை வெச்சுக்கிட்டு உட்கார்ந்து கேட்டேன். மறுபடி மறுபடி கேட்டேன். ஆமா, உயிர் இல்லதான். முன்னாடி எனக்கு அதுல என்னமோ கேட்கும் மாமா, உடம்பு சிலிர்த்துப் போகும். நான் செஞ்சதுங்கிற மயக்கம். நீங்க சொன்னப்புறம் தெளிஞ்சுபோச்சு. இப்ப எதைப் போட்டாலும் வெறும் சத்தமாத்தான் கேட்குது."

அக்காவுக்குத் தாங்கவில்லை. "போடுடா" என்றாள். "அந்தப் பாட்டைப் போடு. நான் கேட்கிறேன். என் கண்ணைப் பார்த்துத் தெரிஞ்சுக்கோ."

அவள் சொல்லைத் தட்ட முடியாமல் அவன் எழுந்து ஒயர்களை மாட்டினான். அக்கா கட்டில் ஓரத்தில், மடியில் வெறுங்கையோடு உட்கார்ந்தாள். காதுக்காரர் கதவோரம் நின்றுகொண்டார். சுவிட்சைத் தட்டிவிட்டு மச்சினன் திரும்பினான். அவள் கன்னத்தில் கண்ணீர் தாரை தாரையாக வழிந்துகொண்டிருந்தது.

"அக்கா" என்றான் மெதுவாக. "இன்னும் பாட்டே ஆரம்பிக்கலக்கா."

அப்புறம்தான் குழல் எழுந்தது, குரல் வந்தது. காதுக்காரர் வழக்கம்போல் அவளைப் பார்த்தார். வளர்த்த பிள்ளையின் வாழ்க்கை பாழாய்ப்போனதற்கு அழுகிறாளா, நாற்காலியில் வீணாகப் போன வருஷங்களுக்கு அழுகிறாளா, பாட்டுக்குத்தான் அழுகிறாளா, அவரால் கண்டுபிடிக்க முடியவில்லை. அவர் பார்ப்பது தெரிந்ததும் அவள் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். அவர் பெட்டியைப் பார்த்து நின்றார். ஒரு கரகரப்பு இல்லை, ஒரு அதிர்வு இல்லை. பாடுகிறவள் மூச்சு வாங்குவது கேட்டது.

பாட்டு முடிந்தது. ஏதாவது கேட்க வேண்டுமே என்று மச்சினன் கேட்டான். "எப்படி இருந்துச்சு மாமா?"

காதுக்காரர் வாயைத் திறந்தார். இத்தனை வருஷங்களில் எழுதின ஒரு வார்த்தையும் வாய்க்கு வரவில்லை.

"தெரியலடா" என்றார்.

"எனக்கும்தான் மாமா" என்று சொல்லிவிட்டு அவன் சுவிட்சை அணைத்தான்.